தொடுதிரை வேண்டாம், ஒரு கேள்வியோடு போங்கள்

கேள்வி: எங்கள் மாவட்டத் தலைநகரில் இருபது ஆண்டுகளாக ஒரு பண்பாட்டு மன்றம் நடத்துகிறோம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், சில கல்லூரி மாணவர்கள் என நாற்பது பேர் இருக்கிறோம். ஊரில் அரசு அருங்காட்சியகம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாள் தவிர மற்ற நாட்களில் அங்கே ஆளே இருப்பதில்லை. புதிதாக ஏதாவது செய்யலாம் என்று காப்பாட்சியரிடம் பேசினோம். ஆர்வமாகத்தான் கேட்டார், ஆனால் பணமும் இல்லை, ஆளும் இல்லை என்றார். நன்கொடை திரட்டி ஒரு தொடுதிரை வாங்கிக் கொடுக்கலாமா? எங்களைப் போன்ற வெளி அமைப்பு வேறு என்ன செய்ய முடியும்?

பதில்: தொடுதிரைக்காக நன்கொடை திரட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வாங்கிக் கொடுப்பது எளிது. இரண்டு வருடம் கழித்து அது பழுதானால் யார் காசில் சரிசெய்வது? அதுவும் போக, திரையில் என்ன காட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டும். அதற்குப் பெரிதாகப் பணம் தேவையில்லை.

ஒரு பழைய உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேரிலாந்து வரலாற்றுச் சங்கம் இருந்தது (2020-இல் பெயர் மாறிவிட்டது). 1844-இல் தொடங்கியது, பெரிய சேகரிப்பு உடையது. அதே நகரில் 'தி கன்டெம்பரரி' என்று ஒரு கலை அமைப்பு இருந்தது. அதற்குச் சொந்தச் சேகரிப்பும் கிடையாது, நிரந்தரக் கட்டடமும் கிடையாது. இந்த அமைப்பு பிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞரை அழைத்துவந்து, வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கையும் பதிவேடுகளையும் அவருக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்தது. 1992-இல் கண்காட்சி திறந்தது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. அழகான வேலைப்பாடுள்ள வெள்ளிக் கோப்பைகளும் கூஜாக்களும் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள், அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு ஒன்றைக் கிடங்கிலிருந்து எடுத்து வைத்தார் வில்சன். 'உலோக வேலை, 1793–1880' என்று ஒரே அட்டை. இரண்டும் உலோகம்தானே!

இன்னோர் இடத்தில் மூன்று வெள்ளைப் பீடங்கள், மேலே மூன்று மார்பளவுச் சிலைகள். நெப்போலியனும் அவற்றில் ஒருவர். மூவருமே மேரிலாந்துக்காரர்கள் இல்லை. எதிரே மூன்று கறுப்புப் பீடங்கள். அவற்றில் ஹாரியட் டப்மன், பிரெடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பன்னேக்கர் என்ற புகழ்பெற்ற கறுப்பினத்தவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. சிலைகள் இல்லை. மூவருமே மேரிலாந்து மண்ணில் பிறந்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு சிலைகூட அந்தச் சேகரிப்பில் இல்லாததை அந்தக் காலிப் பீடங்களே சொல்லிவிட்டன.

அந்தப் பொருள்கள் பல்லாண்டுகளாக அதே கட்டடத்தில்தான் இருந்தன. 'இங்கே யாருடைய வரலாறு இல்லை?' என்று கேட்க வெளியிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. கட்டடம்கூட இல்லாத ஓர் அமைப்பு அந்த ஆளைக் கூட்டிவந்தது. உங்கள் மன்றத்துக்கும் அந்த இடம்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் ஊரில் என்ன கேள்வி கேட்பது? நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் அரசு அருங்காட்சியகங்களில் உள்ள திருமேனிகள் பல, புதையலாகக் கிடைத்தவை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், கோயில் திருப்பணியின்போதும் கிடைத்தவை இப்படித்தான் தாலுகா அலுவலகம் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று அவற்றின் கீழே இருக்கும் அட்டையில் சாமியின் பெயர், உலோகம், நூற்றாண்டு, மிஞ்சினால் ஊர்ப்பெயர் இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் சாமி இங்கே இருப்பது தெரியுமா?

இதுதான் உங்கள் வேலை. காப்பாட்சியரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லி, இரண்டே இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து வேண்டாம், இரண்டு போதும். ஊருக்குப் போய் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். யார் நிலத்தில் கிடைத்தது, யார் முதலில் பார்த்தார்கள், தாசில்தார் வரும்வரை எங்கே வைத்திருந்தார்கள், பூசை நடந்ததா, கொண்டுபோனபோது ஊர் என்ன சொன்னது என்று கேளுங்கள். கர்ணம், முன்சீப் என்று பழைய கிராம அதிகாரிகள் இருந்த காலத்துக் கதையாக இருந்தால் சொல்ல ஆள் குறைவாகவே இருப்பார்கள், அதனால் அந்த ஊரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். மாணவர்களை அனுப்புங்கள், கூடவே ஒரு பெரியவரும் போகட்டும். அப்புறம் ஒரு வேன் பிடித்து அந்த ஊர்க்காரர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவாருங்கள். தங்கள் மண்ணில் கிடைத்த திருமேனியின் முன்னால் அவர்கள் நின்று பேசுவதைக் காப்பாட்சியர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். அந்தப் பேச்சிலிருந்து நான்கு வரி எடுத்து, பழைய அட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டை வையுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'எங்கள் சாமியைத் திருப்பிக் கொடுங்கள்' என்று ஊர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, காப்பாட்சியருக்கும் இல்லை. எனவே முன்பே அவரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஊரிலும் பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள். இன்னொன்று, இப்போது கோயில்களில் இருக்கும் திருமேனிகளைப் படமெடுத்து இணையத்தில் போடவே கூடாது. ஆனால் வீடுகளில் இருக்கும் பழைய திருவிழாப் படங்களைக் கேட்டு வாங்கி நகலெடுத்து வையுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் முன்பு எடுத்துவைத்திருந்த படம், அது அதே சிலைதான் என்று காட்ட முக்கியச் சான்றாக இருந்தது. 2014-இல் நடராஜர் நாடு திரும்பினார். ஓர் ஆய்வு நிறுவனம் பொறுமையாகச் சேர்த்துவைத்த படங்களுக்கு இருக்கும் வலிமை அது.

பொருள் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்து மக்களே அதைப் பற்றிப் பேசினால் அருங்காட்சியகமே மாறிவிடும் என்பதற்கு பெர்லினைப் பாருங்கள். 2015 கடைசியில் அங்கே 'முல்தகா' என்ற திட்டம் தொடங்கியது. அரபியில் சந்திக்கும் இடம் என்று பொருள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். தங்கள் நாட்டிலிருந்து போன பொருள்களின் முன்னால் நின்று, தங்களைப் போலவே வந்தவர்களோடு அரபியில் பேசினார்கள். பிறகு ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகங்களும் இதே பெயரில் இதைச் செய்தன.

பணம் இருக்கும் பெரிய கூட்டணிகளும் உண்டு. மும்பை பைகுலாவில் உள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் 1872-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது, பிற்காலத்தில் சிதைந்து கிடந்தது. 2003-இல் மும்பை மாநகராட்சி, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை ஆகிய மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 2008-இல் மறுபடி திறந்தது. எனக்கு அதில் பிடித்தது, கட்டடத்தைப் புதுப்பித்ததோடு நிற்காமல், பழைய சேகரிப்புக்குப் பதில் சொல்லும்படி இன்றைய கலைஞர்களை ஒவ்வொருவராக அழைத்ததுதான். அந்த அளவு உங்களால் முடியாது. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் வைத்துக்கொண்டதை நீங்களும் அப்படியே செய்யலாம்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். பிரிட்டனில் பால் ஹாம்லின் அறக்கட்டளைக்காக பெர்னடெட் லிஞ்ச் என்ற ஆய்வாளர் 12 அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் ஆராய்ந்து 2011-இல் அறிக்கை கொடுத்தார். மக்களை அழைக்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரவைப்பதில்லை. திட்டத்துக்கான பணம் தீர்ந்ததும் உறவும் தளர்ந்துவிடுகிறது. இதுதான் அதன் சாரம். நீங்கள் கூட்டிவரும் ஊர்க்காரர்களுக்கு இது நேரக் கூடாது. அட்டையில் என்ன வாசகம் என்பதைக் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும்.

அருங்காட்சியகங்கள் எப்படி மாறலாம் என்று ஆராயும் சிந்தனைக் குழுக்களின் அறிக்கைகள் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பு 2008-இல் அருங்காட்சியகங்களின் எதிர்காலத்துக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. அது தொடர்ந்து போக்குகளைப் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. மன்றத்தில் ஒருவர் படித்து, நம் ஊருக்குப் பொருந்தும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். முழுவதையும் கொண்டுபோய்க் காப்பாட்சியர் மேசையில் வைக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

கடைசியாக, அனுமதி. காப்பாட்சியர் சரி என்றாலும் அது போதாது. துறைத் தலைமை சென்னை எழும்பூரில் இருக்கிறது, கடிதம் அங்கே போக வேண்டும். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இரண்டு ஊர்கள், இரண்டு திருமேனிகள், ஆறு மாதம். வேன் செலவும் அட்டை அச்சிடும் செலவும் மன்றத்துடையது. பொருள்களைத் தொடுவது ஊழியர்கள் மட்டுமே. பேட்டிகளின் ஒரு பிரதி அருங்காட்சியகத்துக்கு, ஒன்று ஊருக்கு. கடிதத்தைக் காப்பாட்சியரோடு உட்கார்ந்து எழுதி, அவர் மூலமாகவே அனுப்புங்கள். பதில் வரத் தாமதமாகலாம். ஆனால் ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்த அந்த வாரமே கிளம்பிவிடுங்கள்.