சிசுங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாம்பியாவின் பெம்பா மக்களைப் பற்றிய கட்டுரையில், அங்கே பெண்கள் பருவமெய்தும்போது நடக்கும் சிசுங்கு சடங்கை மிகுந்த மதிப்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பூப்புச் சடங்கு என்றாலே சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைப்பதுதானே? அதைப் போய் எப்படி மதிக்க முடியும்?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

சிசுங்குவில் கத்திக்கு வேலையே இல்லை. பெம்பாக்களிடம் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் கிடையாது.

உங்கள் கோபம் நியாயமானது. சியரா லியோனில் பெண்களின் ரகசியச் சங்கத்தில் சேர்க்கும் சடங்கின் பகுதியாக உறுப்புச் சிதைப்பு இன்றும் நடக்கிறது. உலகில் 23 கோடிக்கும் அதிகமான பெண்கள் இக்கொடுமைக்கு ஆளானவர்கள் என்று 2024இல் யுனிசெஃப் கணக்கிட்டது. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் ஒரு கண்டத்தின் சடங்குகள் அனைத்தையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டால், பெம்பாப் பெண்கள் தமக்கென்று உருவாக்கி வைத்திருந்த ஒன்று நம் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

1931இல் மானுடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் ஒரு சிசுங்குவை முழுவதுமாக உடனிருந்து பார்த்தார். இரண்டு பெண்களுக்கு நடந்த அந்தச் சடங்கு 23 நாள் நீண்டது. நடத்துபவர் நாச்சிம்புசா என்னும் மூத்த பெண்மணி. அனுபவத்தாலும் பேரறிவாலும் அந்த இடத்துக்கு வந்தவர். பெண்கள் போர்வைக்குள் மூடப்பட்டுத் தவழ்ந்து போகிறார்கள், கிளைகளால் அமைத்த தடையைத் தாண்டிக் குதிக்கிறார்கள், கேலியும் ஏச்சும் வாங்குகிறார்கள். குடிசைக்குள் களிமண்ணில் பெரிய உருவங்கள் எழும்புகின்றன. தரையில் நீளமான பாம்பு ஒன்று. மணிக்கணக்கில் பாடுபட்டுச் செய்து, வண்ணம் தீட்டி, அன்றே கலைத்தும் விடுகிறார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. ஓர் ஆண் பொம்மைக்குக் கைகளே கிடையாது: வேலைவெட்டி இல்லாமல் வீட்டோடு கிடக்கும் கணவன் அவன்! இதை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பெண்களின் துணிச்சல் என்னை வியக்க வைக்கிறது.

கற்றுக்கொடுப்பதாகச் சடங்கை நடத்திய பெண்கள் சொன்னார்கள். ஆனால் மண்வெட்டி பிடிப்பதும் கஞ்சி காய்ச்சுவதும் அந்தச் சிறுமிகளுக்கு ஏற்கெனவே தெரியும். ரிச்சர்ட்ஸ் கவனித்தது வேறு. பாட்டுகளின் உட்பொருள் அவர்களுக்கு அன்றே முழுதாக விளங்கவில்லை. பின்னாளில் அடுத்தடுத்த சிசுங்குகளில் கலந்துகொண்டு, வயது ஏற ஏறத்தான் விளங்கும். திருமணமான பெண்கள் மட்டுமே அறிந்த ஒரு பேச்சுக்குள் அவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பெம்பாக்கள் தாய்வழிச் சமூகம். மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்கு வந்து, மாமனார் வீட்டுக்கு உழைக்க வேண்டியிருந்தது. நாச்சிம்புசாவின் அதிகாரத்துக்கு அந்த மண்ணில் வேர் இருந்தது.

குறை இல்லையா? நிச்சயம் உண்டு. கணவனுக்கு அடங்கி நடப்பதும் அவனை மகிழ்விப்பதும் பாடத்தில் பெரும்பங்கு. பருவமெய்தியதுமே திருமணம் என்பது சிறுமியின் வாழ்வைப் பறிப்பது. அதை நான் ஏற்கவில்லை. 2023இல் ஜாம்பியா, வழக்காற்றுத் திருமணங்களுக்கும் சேர்த்து, 18 வயதைக் குறைந்தபட்ச வயதாகச் சட்டமாக்கியது. மிகவும் சரியான காரியம்.

இப்போது நகரங்களில், திருமணத்துக்கு முன் நடக்கும் 'கிச்சன் பார்ட்டி'யிலும் அதற்கு முந்தைய பாடங்களிலும் நாச்சிம்புசாக்களைப் பார்க்கலாம். சடங்கு இளம் பெண்ணை விட்டு மணப்பெண்ணிடம் நகர்ந்திருக்கிறது. கென்யாவின் தராகாவில் 1996இல் இன்னொரு வழி தொடங்கியது: வெட்டு இல்லாமல், சிறுமிகளைச் சில நாட்கள் தனியே வைத்துக் கற்பித்து, ஊர்கூடிக் கொண்டாடினார்கள். உறுப்புச் சிதைப்பை ஒழிக்க நினைப்பவர்கள் மூத்த பெண்களை எதிரிகளாக்காமல் செய்த வேலை அது. சியரா லியோனிலும் அவர்களை அழைத்துத்தான் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அன்புடன்