கோடீஸ்வர ஐயர் கிருதிகள்: ‘முழுத் தொகுப்பு’ என்று நம்பி வாங்கலாமா?

கேள்வி: கர்நாடக இசைப் பாடலாசிரியர் கோடீஸ்வர ஐயர், 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களிலும் ராகத்துக்கு ஒன்றாக இயற்றிய கிருதிகள் (பாடல்கள்) அனைத்தும் அடங்கிய ‘முழுத் தொகுப்பு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையவழியில் ஓர் ஆடியோ சிடி வாங்கினேன். அதில் பன்னிரண்டு பாடல்களே உள்ளன. முதற்பாடல் ‘வாரண முக வா’. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை அறிய முடியாது என்பதால் அவருடைய வாதம் நிற்காது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் இணைத்து எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். இணங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

வாங்குமுன் சிறு கணக்கு ஒன்று போட்டிருந்தால் போதும். கிருதி ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் எழுபத்திரண்டுக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆடியோ சிடி ஒன்றில் ஏறக்குறைய 80 நிமிடமே அடங்கும் என்பதால் ஐந்து தகடுகளாவது வேண்டும். எம்.பி.3 வடிவமானால் ஒரே தகட்டில் அடங்கிவிடும். ஆகவே வடிவத்தையும் மொத்த நேரத்தையும் ராகப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ‘வாரண முக வா’வை விநாயகர் துதியாக முதலில் வைத்ததைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அதன் ராகமான ஹம்ஸத்வனி ஜன்யம், அதாவது தாய் ராகத்திலிருந்து பிறந்தது, ஆதலால் அது 72 கணக்கில் சேராது. அவருடைய ‘இனி நமக்கொரு கவலையும் இல்லை’ பாடலின் ராகமான பிலஹரியும் அப்படியே.

பாடல் கோடீஸ்வர ஐயருடையதுதானா என்ற ஐயத்தைப் பாடலே தீர்த்துவிடும். பாடலாசிரியர் கவிகுஞ்சர பாரதியின் மகள் வயிற்றுப் பேரரான அவர், பாட்டனாரின் பெயரைக் கொண்டே ‘கவிகுஞ்சரதாசன்’ என்று முத்திரை (பாடலுக்குள் வரும் தம் அடையாளப் பெயர்) வைத்தார். பாடலின் இறுதிப் பகுதியான சரணத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

யார் பாடியதை வாங்குவது என்றால், இக்கிருதிகளைப் பரப்புவதில் நெடுங்காலம் உழைத்த பாடகர் எஸ். ராஜத்தின் (1919–2010) பதிவுகளையே முதலில் தேடுவேன். எழுபத்திரண்டில் நாற்பது விவாதி மேளங்கள், அதாவது அடுத்தடுத்த ஸ்வரங்கள் மிக நெருங்கி உரசும் தாய் ராகங்கள். முதல் மேளமான கனகாங்கியில் தொடங்கி வரிசையாகக் கேட்க முற்பட்டால் முதல் ஆறுமே விவாதியாக அமைந்து பழகாத செவி களைத்துவிடும். மாறாக, அறுபதாவது மேளமான நீதிமதியில் அமைந்த ‘மோகனகர முத்துக்குமரா’வை முதலில் எடுங்கள். அதுவும் விவாதியே; அதில் வரும் ஷட்சுருதி தைவதம் (உயர்ந்த ‘த’), கைசிகி நிஷாதத்தின் (தாழ்ந்த ‘நி’) இடத்திலேயே ஒலித்து, மேலே காகலி நிஷாதத்தை (உயர்ந்த ‘நி’) ஒட்டி நிற்கும். அந்த நெருக்கத்தைப் பாடகர் உறுத்தாமல் கடக்கிறாரா என்று கவனியுங்கள்; பழைய பதிவின் இரைச்சலை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.