இலங்கைச் சுற்றுலா: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்று, கண்டி, நுவரெலியா, காலி ஆகிய ஊர்களைக் குடும்பத்துடன் பார்த்து வர இருக்கிறோம். உறவினர்களுக்குக் கொடுக்க, அந்தத் தீவுக்கே உரிய பொருள்களாக எவற்றை வாங்கலாம்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: முதலிடம் கறுவாப்பட்டைக்கே. நம் கீழமாசி வீதியில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்னும் வேறு மரத்தின் தடித்த பட்டை. ஒடிக்க விரல் வலிக்கும். இலங்கைப் பட்டையோ, மேல்தோலைச் சீவிவிட்டு உரித்தெடுத்த உள்பட்டையின் மெல்லிய ஏடுகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகிச் சுருட்டிக் காயவைத்தது. வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும், வாயிலிட்டால் காரத்துக்கு முன்னே இனிப்பு தெரியும். சுருளின் முனையைப் பார்த்து, ஏடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். ‘ஆல்பா’ எனப்படும் மிக மெல்லிய சுருளே முதல் தரம். விலையும் அதற்கேற்ப இருக்கும். இப்பட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவிசார் குறியீடு வழங்கியது. ஆனாலும் நம் பிரியாணிக்குக் காசியாவின் காரமே எடுப்பு என்பது என் கருத்து. இலங்கைப் பட்டையைப் பாயசத்துக்கும் தேநீருக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது தேயிலை. பொட்டலத்தின் மேல் இலங்கைத் தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால், உள்ளிருப்பது முழுக்க அந்நாட்டுத் தேயிலை, அங்கேயே பொதி செய்யப்பட்டது என்று பொருள். நுவரெலியாவின் பெயரைக் கேட்டு மயங்கி வாங்கிவிடாதீர்கள்: அந்த உயரத்தில் விளையும் இலை நிறம் குறைந்தது, நறுமணம் மிக்கது, பால் விடாமல் குடிக்க வேண்டியது. பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக் குடிக்கும் நம் வீடுகளுக்கு, தெற்கே தாழ்நிலத்தில் விளையும் ருகுணுத் தேயிலையின் கறுத்த சாயமும் திடமுமே பொருந்தும். கண்டிக்கு அருகே 1867இல் வணிகப் பயிராகத் தொடங்கிய இத்தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்றவர்களில் மதுரை, இராமநாதபுரச் சீமையினரும் உண்டு. மலையகத்தில் உங்களுக்கு மொழிச் சிக்கல் இராது.

காலிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் அம்பலாங்கொடை வரும். அங்கு எடை குறைந்த மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டும் முகமூடிகள் புகழ் பெற்றவை. வெளிப்பூச்சை மட்டும் பார்க்காமல், பின்புறத்தைத் திருப்பி உளியின் தடத்தைப் பாருங்கள். கைவினைப் பொருள்களுக்கு அரசு நிறுவனமான லக்சலவில் விலையை முதலில் விசாரித்துக்கொண்டால், பிற கடைகளில் பேரம் பேசக் கை கொடுக்கும்.

இரத்தினக் கற்களைப் பொறுத்தவரை, ஆட்டோ ஓட்டுநர் அழைத்துப் போகும் கடையில் வாங்கவே வேண்டாம். தரகுத் தொகையும் உங்கள் தலையில்தான் விழும். வாங்கியே தீர வேண்டுமானால், தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையில் கல்லைச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள். ஆமை ஓடு, யானைத் தந்தம், பவளப்பாறைத் துண்டு ஆகியவற்றைத் தொடாதீர்கள். பழம்பொருள் என்று சொல்லி விற்பவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும். ஏப்ரல் நடுவில் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள் பல கடைகள் அடைத்திருக்கும் என்பதால், பயணத் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: அந்தமான் கடற்கரையில் தானாக ஒதுங்கிய பவளத் துண்டைப் பொறுக்கி வரலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூடாது. உயிரற்ற துண்டானாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையச் சோதனையில் பிடிபடும். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் அரசின் சாகரிகா விற்பனையகத்தில் வாங்கி, ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.