கல்லூரி விண்ணப்பத்தில் இனம், மதம்: சொல்வதா, விடுவதா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் 'காமன் ஆப்' பற்றி சனிக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். "காமன் ஆப்பில் ஏசியன் என்று டிக் போட்டால் என் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய இடம் போய்விடுமோ? பேசாமல் காலியாக விட்டுவிடட்டுமா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பதில். டிக் போட்டாலும் விட்டாலும், அதை வைத்து அவளுக்கு இடம் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அது கட்டாயக் கேள்வியும் இல்லை. அவளுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யட்டும்.

நம்மூரில் படித்து வந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். பொறியியல் கலந்தாய்வில் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தலைமுறை நாம். அங்கே பிசி, எம்பிசி, எஸ்சி, ஓசி என்று எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து கட்-ஆஃப் மாறும். 69 சதவீத இட ஒதுக்கீடு சட்டப்படி நடப்பது, எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு கட்டத்தைப் பார்த்தவுடன் அதன் பின்னால் ஒரு தனிப் பட்டியல் இருக்கும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. 1978-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. இனத்தைப் பல காரணங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவைத்திருந்தது.

அந்த அனுமதியும் 2023 ஜூன் 29-ம் தேதியோடு முடிந்தது. ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இனத்தை வைத்து மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அந்த ஆகஸ்டிலிருந்து, இந்தக் கேள்விக்கான பதில் தங்கள் கண்ணில் படாமலேயே மறைத்துக்கொள்ளும் வசதியைக் கல்லூரிகளுக்கு காமன் ஆப் கொடுத்திருக்கிறது.

உங்கள் பயம் அடிப்படை இல்லாதது என்று நான் சொல்லவில்லை. 2018-ல் பாஸ்டனில் ஹார்வர்டு வழக்கு விசாரணை நடந்தபோது, 'பெர்சனல் ரேட்டிங்' என்ற ஆளுமை மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குச் சராசரியாகக் குறைந்த புள்ளிகள் விழுந்திருந்தது வெளியே வந்தது. அதைப் படித்த எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது.

ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2024-ல் சேர்ந்த முதல் வகுப்பில் எம்ஐடியில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 40-லிருந்து 47 சதவீதமானது. அதே ஆண்டு யேலில் 30-லிருந்து 24 ஆகக் குறைந்தது. ஒரே தீர்ப்பு, இரண்டு திசை. இதை வைத்துக்கொண்டு டிக் போடுவது நல்லதா கெட்டதா என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

காலியாக விடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஹார்வர்டில் அந்த ஆண்டு இனத்தைச் சொல்லாதவர்கள் 4-லிருந்து 8 சதவீதமானார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டதும் எதுவும் மறைந்துவிடாது. உங்கள் மகளின் பெயர் விண்ணப்பத்தின் தலையிலேயே இருக்கிறது. பெற்றோர் படித்த கல்லூரி என்ற இடத்தில் உங்கள் மதுரைக் கல்லூரி இருக்கிறது.

ஆனால் ஒன்று, இல்லாத இனத்தைப் போடுவது வேண்டவே வேண்டாம். உங்கள் உறவினர் யாரோ அப்படி யோசனை சொன்னதாகச் சொன்னீர்களே, அதனால்தான் சொல்கிறேன். கடைசியில் எல்லாம் உண்மை என்று கையெழுத்திடுவது அவள்தான். பின்னால் தெரிந்தால், கிடைத்த இடத்தையும் ரத்து செய்வார்கள்.

மதம் பற்றியும் கேட்டீர்கள். எங்காவது கேட்டிருந்தால் விருப்பமிருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் விடலாம். மார்மன் திருச்சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மட்டும் மதத் தலைவர் ஒருவரின் ஒப்புதலே தேவைப்படும், அது உங்கள் பட்டியலில் இல்லை. ஜார்ஜ்டவுன் இருக்கிறது. அது ஜேசு சபையினர் நடத்தும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தான், ஆனால் இந்து மாணவர்களுக்கென்று வளாகத்திலேயே வழிபாட்டு இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே போட யோசிக்க வேண்டாம்.

இந்தக் கேள்விகள் கெட்ட நோக்கத்தோடு கேட்கப்பட்ட காலமும் உண்டு. ஹார்வர்டில் யூத மாணவர்கள் 1900-ல் 7 சதவீதம்தான். 1922-ல் 21.5 ஆனதும் பல்கலைக்கழகத் தலைவர் லோவலுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு விண்ணப்பத்தில் இனம், மதம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பா பிறந்த ஊர் எல்லாம் கேட்டார்கள். உங்கள் பெயரையோ அப்பாவின் பெயரையோ எப்போதாவது மாற்றியதுண்டா என்றும் கேட்டார்கள். யூதர் யார் என்று கண்டுபிடித்து வெளியே நிறுத்துவதற்காகவே போட்ட கேள்விகள் அவை. அந்த வரலாறு தெரிந்தவர்கள் இன்றைக்கும் இந்தக் கட்டத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நான் தப்பு சொல்லமாட்டேன்.

எனக்கு உண்மையான கவலை வேறு. கட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையையே விண்ணப்பத்திலிருந்து அழித்துவிடுகிறார்கள். ஒரு பையன் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் அன்னதானச் சமையலறையில் வேலை செய்தவன். இந்து என்று தெரிந்துவிடும் என்று வீட்டில் சொன்னதால் அதை எடுத்துவிட்டு 'சமூகத் தொண்டு' என்று மட்டும் போட்டிருந்தான். என்னதான் செய்தாய் என்று துருவிக் கேட்டேன். வாராவாரம் மிஞ்சுகிற சோற்றை நோட்டில் எழுதிவைத்து, உலை வைக்கிற அரிசியைக் குறைக்கச் செய்திருக்கிறான். விண்ணப்பத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்கக் கொடுக்கும் 150 எழுத்துக்குள் அடங்கும்படி அதையே எழுதவைத்தேன். அதைப் படிக்கிறவருக்கு மதமா முதலில் தெரியும்? நோட்டோடு நிற்கிற அந்தப் பையன்தான் தெரிவான்.

அந்த 2023 தீர்ப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. தன் பின்னணி தன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று மாணவர் எழுதினால் கல்லூரி அதைப் படிக்கலாம், ஆனால் அவரைத் தனி மனிதராகத்தான் எடைபோட வேண்டும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியிருக்கிறார். அதனால் 'நான் தமிழ்ப் பெண்' என்று கட்டுரையைத் தொடங்கினால் பெரிதாகப் பலன் இருக்காது. என்ன செய்தாள் என்று வர வேண்டும்.

மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேச, படிக்க, எழுத என்று தனித்தனியாகக் கேட்பார்கள். எழுத வராது என்று அவள் அதை விட்டிருக்கிறாள். பாட்டி வந்திருந்தபோது மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று கோணல்மாணலாக எழுதி ஒட்டியது அவள்தான் என்று நீங்களே சொன்னீர்களே! மருந்துக் கடையில் இன்சுலின் அளவைக் கேட்டு வந்து பாட்டிக்குப் புரியவைத்ததும் அவள்தான். முழுக் கடிதம் எழுத வருமா என்று உட்கார்ந்து பார்க்கட்டும், வந்தால் டிக் போடட்டும்.

அப்புறம், அவள் கட்டுரையில் 650 சொற்களில் பாட்டிக்கு இரண்டு வரிதான் இருக்கிறது. ராபாட்டிக்ஸ் போட்டி முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நவம்பர் 1-க்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த மாத்திரை டப்பாவைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தாமல், அவள் எழுதியபடியே அனுப்பட்டும்.