காரைக்குடி வெயிலில் எலெக்ட்ரிக் கார் எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி: 'எங்கள் ஊர் காரைக்குடி. தினமும் 30, 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் இல்லை. எலெக்ட்ரிக் கார் வாங்கினால் எட்டு வருடத்தில் பேட்டரி போய்விடும், அப்புறம் காயலான் கடைதான் என்கிறார்கள். உண்மையா?'

எட்டு வருடம் என்பது வாரண்டி, ஆயுள் அல்ல. இங்கே விற்கும் பல எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தருகிறார்கள். அதை யாரோ அரைகுறையாகக் காதில் வாங்கி டீக்கடையில் சொல்ல, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு எத்தனை வருடம் வாரண்டி இருந்தது, அது எத்தனை வருடமாக மாவாட்டுகிறது என்று பாருங்கள்.

என்னிடம் இருப்பது 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன கார். மூன்று வருடம் ஆகப்போகிறது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதில் ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் முழு சார்ஜுக்கு 205 வரை போகும். இப்போது 195. கணக்கு எளிது: முழு சார்ஜுக்கு 200 என்று வைத்தாலும் என் ஓட்டத்துக்கு வருடத்தில் அறுபது சொச்சம் முழு சார்ஜ்தான் ஆகிறது. எட்டு வருடத்துக்கு ஐந்நூறு. என் காரில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி ஆயிரக்கணக்கான சார்ஜ் தாங்கக்கூடியது. உங்களுடைய 40 கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட நம் ஊரில் கவனிக்க வேண்டியது வெயிலும், சும்மா நிறுத்தி வைப்பதும். லித்தியம் பேட்டரி ஓடாமல் நின்றாலும் மெல்ல மெல்ல வயதாகும். சூடு அதை வேகப்படுத்தும், சூட்டோடு முழு சார்ஜிலும் நின்றால் இன்னும் வேகம். 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வற்றியது பெரிய பேச்சானது. அந்த பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அதனால் வாங்கப் போகும்போது சன்ரூஃப் பற்றி அப்புறம் கேளுங்கள், பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

(இதெல்லாம் நம் ஊருக்குப் புதுசு இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அவர்கள் தொழில். அதன் வாசலைத் தாண்டிப் போய்த்தான் டீக்கடையில் எட்டு வருடக் கதை பேசுகிறோம்.)

சும்மா நிறுத்துவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், வாடகைக்கு. வீட்டுக்கார ஆச்சியின் மகன் சிங்கப்பூரில். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஊருக்கு வரும்போது ஓட்ட அவரும் ஓர் எலெக்ட்ரிக் கார் வாங்கிப்போட்டார். போன வருடம் தையில் வந்துவிட்டு, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, தகரக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனார். ஆடியில் வந்தால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லை. செத்தது முன்னால் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது இல்லாமல் எலெக்ட்ரிக் கார் விழிக்காது, பலருக்கு இது தெரியாது. போதாக்குறைக்கு எலி ஒயரைக் கடித்திருந்தது. இரண்டு வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார் அது. செட்டிநாட்டில் வீடே வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும்போது காரும் கிடக்கத்தான் செய்யும். அப்படிப் போகிறவர்கள் பாதி சார்ஜில், நிழலில் விட்டுவிட்டு, மாதம் ஒரு தடவையாவது யாரையாவது எடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இப்போது அந்த வேலை எனக்கு.

வீட்டு விஷயம் இன்னொன்று. சார்ஜர் போட வேண்டும் என்றதும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "கரண்டு யார் கணக்குலப்பா ஏறும்?" நியாயமான கேள்வி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 130, 140 யூனிட் ஆகும். இரண்டு மாத பில்லில் அது வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும், எல்லாருக்கும் சேர்த்து அடிக்கும். சப் மீட்டர் போட்டுத் தீர்த்தோம். அதைவிட இழுத்தது எர்த். பழைய வயரிங்கில் எர்த் சரியில்லாததால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மறுத்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து புதுசாகக் குழி வெட்டி எர்த் போட்ட பிறகுதான் ஏறியது. உங்களுடையதும் பழைய வீடு என்றால் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் அவர்களிடம் பேசிவிட்டு.

ஊர் ஓட்டத்துக்கு இந்த கார் அருமை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் போய்த் திரும்ப சார்ஜ் பற்றிக் கவலையே இல்லை. என்ஜின் ஆயில் இல்லை, பிரேக் கட்டை தேய்வதும் குறைவு. டயர் மட்டும் பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேய்கிறது, எடை அதிகம். மதுரை போய்த் திரும்ப 180 ஆகும். அதற்கு அங்கே சாப்பிடும் நேரத்தில் ஒரு சார்ஜ் போட்டுக்கொள்வேன், நெடுஞ்சாலையில் 200 எல்லாம் வராது.

எனக்கு உள்ள ஒரே பயம் பேட்டரி பற்றியது அல்ல, ரிப்பேர் பற்றியது. இந்த ஊரில் அம்பாசடரைத் தெருவிலேயே பிரித்துப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக்குகள் உண்டு. அவர்களே உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கலர் ஒயரைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், அதைத் தொடாமல் இருப்பதே நல்லதும்கூட. வாரண்டி முடிந்த பிறகு ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு போனாலும் வெளியூர்தான் போக வேண்டும். அதனால் பத்து வருடம் நன்றாக ஓடும், அப்புறம் விற்கிற விலை சுழியம் என்று வைத்துத்தான் வாங்கும்போதே கணக்குப் போட்டேன். பெட்ரோலில் மிச்சமாவதை வைத்துப் பார்த்தால் அப்படியும் எனக்குக் கட்டுப்படியாகிறது. மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்றால் உங்களுக்குக் கட்டாது, பெட்ரோல் காரே வாங்குங்கள்.