கணவர் தொட்டால் உடம்பு விறைத்துப்போகிறது. சிறுவயதில் நடந்தது காரணமாக இருக்குமா?

இருக்கலாம். எனக்கு அதுதான் காரணமாக இருந்தது. "அவரை எனக்குப் பிடிக்கும், ஆனால் கிட்டே வந்தாலே உடம்பு கல்லாகிவிடுகிறது, அவரை ஏமாற்றுகிறேனோ" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். எட்டு வயதில் சொந்தக்காரர் ஒருவரால் பாதிக்கப்பட்டவள். விவரம் வேண்டாம். அவர் மூக்குப்பொடி போடுவார். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் பொடி டப்பாவைத் திறந்தார். கையிலிருந்த முருங்கைக்காய் நழுவியதுகூடத் தெரியவில்லை. அன்று ராத்திரி கணவர் தோளில் கை வைத்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று புரிய இன்னும் மூன்று வருடம் ஆனது.

பட்ட ஆபத்தை உடம்பு வாசனையாகவும் அசைவாகவும் நினைவில் வைத்திருக்கும். எதிரில் இருப்பது யார் என்று நாம் யோசிப்பதற்குள், மூளையில் உள்ள அமிக்டலா எச்சரிக்கை மணி அடித்துவிடும். தசை இறுகும். இடுப்பின் அடிப்பகுதியைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகி உடலுறவே முடியாமல் போவதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பழைய காயம் எதுவும் இல்லாத பெண்களுக்கும் அது வரும், அதனால் நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்கு வலி இருக்காது, ஆசையே வராது. சிலர் அந்த நேரத்தில் அங்கே இல்லாததுபோல் ஆகிவிடுவார்கள்.

வீட்டில் "ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். நான் பார்த்த முதல் டாக்டர் "எல்லாம் நார்மல், ரிலாக்ஸா இருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். இரண்டையும் நம்பி வருடங்களைத் தொலைத்தேன். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவும் செய்தேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பின் பயம் கூடுகிறது.

எனக்கு உதவியது இரண்டு பேர். ஒருவர் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். இணையத்தில் பார்த்து நான் செய்துகொண்டிருந்த இறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே இறுகிய தசைக்கு, மூச்சை வயிறுவரை இழுத்துத் தளர்த்தத்தான் பழக வேண்டுமாம். இன்னொருவர் உளவியல் ஆலோசகர். சில மாதங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்றார். தினமும் பத்து நிமிடம் கணவரும் நானும் கையைப் பிடித்துக்கொள்வது மட்டும், அதுவும் என் கை மேலே இருக்க வேண்டும். ஒருநாள் பாதியில் "போதும்" என்றேன். கணவர் உடனே கையை எடுத்துவிட்டு, கரண்ட் பில் கட்டியாச்சா என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிறுவயதில் நான் வேண்டாம் என்றது யார் காதிலும் விழவில்லை.

அப்புறம், பரிசோதனைக்குப் பயந்து மகப்பேறு மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். பெண் டாக்டர் வேண்டும், சொன்னால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

நமக்கு மட்டும் நடந்ததுமில்லை. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல்தான் வந்தது, நம் காலத்தில் அதுவும் இல்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். அரசு சேவை, கட்டணம் இல்லை. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். நடந்ததை முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. நான் ஆலோசகரிடம் ஐந்தாவது முறை போனபோதுதான் வாய் திறந்தேன்.