வேலைக்குப் போகும் ஒருவர் செபம், மௌனம், ஒறுத்தல் எல்லாவற்றையும் அன்றாடம் கடைப்பிடிப்பது எப்படி?

தனியாக நேரம் ஒதுக்கித் தொடங்கினால் ஒரு கிழமை தாண்டாது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி அரை மணித்தியாலம் செபிப்பேன் என்று எத்தனையோ தவக்காலத்தில், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலத்தில், தீர்மானம் எடுத்தேன். அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு அடுத்த கிழமையே தீர்மானம் முறிந்துவிடும். சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, எட்டரைக்குக் கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டிய எனக்கு, செய்கிற அலுவலோடு செபத்தைக் கட்டிவிட்ட பிறகுதான் அது நிலைத்தது.

காலையில் சம்பலுக்குத் தேங்காய் திருவுகிறேன். ஒரு பாதி முடிய, செபமாலையில் ஒரு பத்தும் (பத்து மரியே வாழ்க செபம்) முடிந்துவிடும். கை வேலையாய் இருப்பதால் மணி உருட்ட முடியாது. ஒன்பதா பதினொன்றா என்று எண்ணுவதுமில்லை. அந்த நேரம் வானொலி இல்லை, போன் சுரூபத்தடியில் கிடக்கும். அதுதான் என் மௌனம்.

இதை நான் பிடித்துக்கொண்டது யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில். அமலமரித்தியாகிகள் சபைச் சுவாமி பி. ஏ. தோமஸ் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தை எங்கள் சனம் நெல்லி ரசத்தால்தான் கூடுதலாக அறியும். அங்கே துறவிகளுக்கு மௌனமும் செபமும் கைவேலையும் ஒரே வாழ்க்கை. குசினியிலும் அது முடியும் என்று எனக்குப் பட்டது.

வீட்டுச் செபம் கோயில் செபத்துக்குக் குறைந்ததென்று நினைக்காதீர்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். 1687இல் யோசேவ் வாஸ் சுவாமி கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரர் கோலத்தில் வந்து வீடு வீடாகத் தேடியபோது, விசுவாசத்தைக் காத்துவைத்திருந்தது இப்படியான வீடுகள்தான்.

ஒறுத்தலைப் பற்றிக் கேட்டீர்கள். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயதிலிருந்து 59 வரை ஒருநேர முழுச் சாப்பாட்டோடு நோன்பு. 14 வயதிலிருந்து அந்த நாள்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சி விலக்கு. அது திருச்சபைச் சட்டம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் சைவக்காரர் மீன் வாங்கமாட்டார்கள், சந்தையில் மீன் மலிவு. இறைச்சியை விட்டுவிட்டு நல்ல விளைமீன் குழம்போடு சாப்பிட்டால் சட்டம் நிறைவேறும், மனம் அசையாது. அதனால் தவக்கால வெள்ளிகளில் நாங்கள் மீனும் வாங்குவதில்லை. அந்தக் காசை அன்றைக்கே பால்மா ரின்னில் போடுகிறோம். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் அது ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவிடம் போகும். காசு அன்றைக்கே ரின்னுக்குள் விழ வேண்டும். பிறகு பார்ப்போம் என்றால் அது வேறு செலவோடு கரைந்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயன்பட்டது இரவு ஆன்ம சோதனை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் முறையில் முதலில் நன்றி, பிறகு ஒளிக்காக மன்றாட்டு, பிறகு நாளைத் திரும்பிப் பார்த்தல், மனத்தாபம், நாளைக்கான தீர்மானம். நுளம்பு வலைக்குள் படுத்தபடி செய்கிறேன், பத்து நிமிடம் போதும். ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன சொன்னேன் என்று பார்க்க வேண்டும்.

ஒருநாள் அப்படிப் பார்க்கையில் பின்னேரம் மூன்றரை மணி வந்து நின்றது. நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு ஐயாவை, அடையாள அட்டைப் போட்டோப் பிரதி இல்லையென்று “நாளைக்கு வாங்கோ” என்று அனுப்பியிருந்தேன். குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் படகு, பிறகு பஸ். அந்த மனுசன் ஒன்றும் சொல்லாமல் கடதாசிகளைத் திரும்ப மடித்துச் சொப்பிங் பைக்குள் வைத்தார். பகலில் அது என் கண்ணில் படவில்லை. இரவில் அந்தக் கை மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் மகன் வந்தார். அவரை இருத்திவிட்டு நானே கடைக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தேன், ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். அன்றிலிருந்து பிரதி எடுக்கவென்று கொஞ்சச் சில்லறை என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

நீங்களும் இந்தக் கிழமை இரவுப் பத்து நிமிடத்தை மட்டும் தொடங்குங்கள். தவறிய நாளுக்கு ஈடாக அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யப் போகாதீர்கள். மற்றவற்றை தவக்காலத்தில் சேர்க்கலாம்.